மோதலுக்கு முன்னும் பின்னும்

இசைத்தட்டுகள் சேர்க்கும் நண்பர் ஒருவர் சாப்பாட்டு மேசையில் போகிற போக்கில் சொன்ன ஒரு வாக்கியம் பல மாதங்களாக என்னை விடவில்லை. "மில்லர் போட்டது வெறும் கோட்டோவியம். கிரேஸ் ஜோன்ஸ்தான் அதை ஓவியமாக்கினார்" என்றார். பேச்சு ‘வார்ம் லெதரெட்’ (வெதுவெதுப்பான ரெக்ஸின்) பாட்டைப் பற்றியது. 1978இல் லண்டனில் டேனியல் மில்லர் ‘தி நார்மல்’ என்ற பெயரில் தனியாளாகப் பதிவுசெய்து வெளியிட்ட பாட்டு அது. இரண்டே ஆண்டுகளில் கிரேஸ் ஜோன்ஸ் அதை பஹாமாஸில் ஒரு முழு இசைக்குழுவோடு பாடி, தம் ஆல்பத்துக்கும் அதே பெயரைச் சூட்டினார். நண்பர் சொன்னது புதிய கருத்து இல்லை. இரண்டு பதிவுகளையும் கேட்டவர்களில் பெரும்பாலோர் கடைசியில் இங்கேதான் வந்து சேர்கிறார்கள்: மூலம் குளிர்ந்தது, இயந்திரத்தனமானது, கவர், அதாவது இன்னொருவர் எடுத்துப் பாடிய பதிவு, அதற்கு உடலும் சூடும் கொடுத்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றிரவு வீட்டுக்கு வந்து இரண்டையும் போட்டுக் கேட்டபோது அந்த விளக்கம் என் காதில் ஒட்டவில்லை. குளிர்ந்தது என்று சொல்லப்படுகிற பாட்டு என்னை இளக வைத்தது. சூடானது என்று சொல்லப்படுகிற பாட்டு என்னை அச்சுறுத்தியது. ஏன் இப்படி என்று தெரியாமல் நிம்மதியாக இருக்க முடியவில்லை.

முதலில் இந்த ‘இயந்திரத்தனம்’ என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொள்கிறேன். அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

ஒரு விரல்

மில்லர் இசைக்கலைஞராகப் பயிற்சி பெற்றவர் அல்லர். கில்ஃபோர்டு கலைப்பள்ளியில் திரைப்படமும் தொலைக்காட்சியும் படித்தவர். படத்தொகுப்பு வேலை பார்த்தவர். கான், நியூ!, கிராஃப்ட்வெர்க் போன்ற ஜெர்மன் குழுக்களின் மேல் தீராத பிரியம் கொண்டவர். எளிய, முரட்டு ராக் இசையான பங்க் வந்தபோது அதன் வேகமும் துணிவும் அவருக்குப் பிடித்தன. கிட்டாரில் மூன்று கார்டுகள் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டுகள்) தெரிந்தால் போதும், குழு அமைக்கலாம் என்பதுதான் பங்க் கொடுத்த வாக்குறுதி. அந்த மூன்று கார்டுகளையும்கூட ஒருவர் உட்கார்ந்து பழக வேண்டும், விரல்கள் கிட்டார்க் கம்பியில் காய்த்துப்போக வேண்டும் என்பது மில்லருக்குப் பட்டது. மின்னணு முறையில் ஒலியெழுப்பும் சிந்தசைசருக்கு ஒரு விரல் போதும். பங்க் சொன்னதை அதன் கடைசி எல்லை வரை கொண்டுபோனால் அங்கே கிட்டார் இருக்காது என்பது அவர் கண்ட தருக்கம். இது எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டும் சிந்தனை. அந்த ஆண்டுகளில் சிந்தசைசர் என்றாலே மேடையில் கோட்டை போல அடுக்கிய விசைப்பலகைகள், நடுவே ஒரு மேதை, இருபது நிமிட இசைத்தொடர் என்பதுதான் பலர் மனத்தில் இருந்த படம். அதே கருவியைப் பங்க்கின் கையில் கொடுக்கலாம் என்று கண்டுகொண்ட மிகச் சிலரில் அவர் ஒருவர். 1978இல்தான் ஷெஃபீல்டில் ஹியூமன் லீக், கபரே வால்டேர் என்ற குழுக்களும் தங்கள் முதல் இசைத்தட்டுகளைக் கொண்டுவந்தன. ஒரே ஆண்டில், வெவ்வேறு அறைகளில், ஒரே முடிவு.

அவர் வாங்கியது பழைய கோர்க் 700எஸ் சிந்தசைசர் ஒன்று. கூடவே நான்கு தடங்கள் கொண்ட டியாக் டேப் பதிவுக்கருவி. இந்த கோர்க்கைப் பற்றித் தெரிந்தால் பாட்டைக் கேட்கும் விதமே மாறிவிடும். அது ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே எழுப்பும். கார்டு வாசிக்க முடியாது. அதில் சீக்வென்சர் கிடையாது. எழுதிக்கொடுத்த சுரங்களைத் தானே திரும்பத் திரும்ப வாசிக்கும் வசதி இல்லை. ‘வார்ம் லெதரெட்’டில் முரசு போல, சாட்டையடி போலக் கேட்கும் ஒலிகளும் அதே கருவியிலிருந்து வந்தவைதான். வெறும் இரைச்சலை எடுத்து, அதன் தொடக்கத்தையும் முடிவையும் வெட்டிக் கூர்மையாக்கினால் அந்த அடி கிடைக்கிறது. ஆக, பாட்டு முழுவதும் ஓயாமல் ஓடுகிற அந்த ரீங்காரம், ஒன்றிரண்டு சுரங்களைத் தாண்டாமல் தன் இடத்திலேயே துடிக்கிற அந்தச் சத்தம், ஒரு மனிதன் உட்கார்ந்து விரலால் அழுத்தியது. ஒரு தடத்தை முடித்து, டேப்பை மீண்டும் சுற்றி, அடுத்ததை அதன் மேல் வாசித்திருக்கிறான். இயந்திரம் போல இருக்க முயலும் மனித விரலின் பிடிவாதம் அதில் இருக்கிறது. ஹெட்போனில் கவனமாகக் கேளுங்கள். தாளம் கல்லில் அடித்தது போல இல்லை. மயிரிழை முன்பின்னாக நடுங்குகிறது. அந்த நடுக்கம் இல்லாமல் இந்தப் பாட்டை நினைத்துப் பார்க்கவே எனக்கு முடியவில்லை.

வெளியிட்ட கதை பலருக்கும் தெரிந்ததுதான். ‘நாமே செய்யலாம், எளிது, மலிவு’ என்று தம் இசைத்தட்டிலேயே அறிவித்த டெஸ்பரேட் பைசைக்கிள்ஸ் குழுவின் துணிச்சலால் தூண்டப்பட்டு, மில்லர் சில நூறு பிரதிகள் மட்டும் அச்சிட நினைத்தார். மாதிரித் தட்டை ரஃப் டிரேட் என்ற இசைத்தட்டுக் கடைக்குக் கொண்டுபோனார். அங்கே போட்டுக் கேட்டவர்கள் இரண்டாயிரம் பிரதிகள் அச்சிடச் சொல்லி, விநியோகத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். மியூட் என்ற அவருடைய நிறுவனப் பெயரில் வந்த முதல் தட்டு அது. முதல் பக்கத்தில் ‘டி.வி.ஓ.டி.’ இருந்தது, ‘வார்ம் லெதரெட்’ மறுபக்கத்தில்தான் இருந்தது. உறையில் கார் மோதல் சோதனைக்குப் பயன்படுத்தும் பொம்மைகளின் படம். முகவரியாகத் தாயின் வீட்டை அச்சிட்டிருந்தார். அதைப் பார்த்து முன்பின் தெரியாதவர்கள் தங்கள் டேப்புகளை அந்த வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஃபேட் கேட்ஜெட்டும் டிபெஷ் மோடும் பிறகு வந்து சேர்ந்த நிறுவனம் இப்படித்தான் தொடங்கியது.

வெட்டி எடுத்த காட்சிகள்

பாட்டின் வேர் ஜே. ஜி. பாலார்ட் 1973இல் எழுதிய ‘கிராஷ்’ நாவல். கார் விபத்துகளில் காமத்தைக் காணும் மனிதர்களைப் பற்றிய கதை. லண்டன் விமான நிலையத்தைச் சுற்றிய சாலைகளும் மேம்பாலங்களும் அதன் நிலம். அந்த நாவலைத் தழுவி நண்பர் ஒருவருடன் சேர்ந்து திரைக்கதை எழுத மில்லர் முயன்றார். படம் நடக்கவில்லை. அந்தத் திரைக்கதையின் சாரம்தான் சில நிமிடப் பாட்டாகச் சுருங்கியது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு வரிகளைப் பார்த்தால், அவை பாடலாசிரியர் எழுதியவை போல இல்லை, படத்தொகுப்பாளர் அடுக்கியவை போல இருக்கின்றன. ஒவ்வொரு வரியும் ஒரு ஷாட். உடைந்த கண்ணாடி. தொடையில் பாய்ந்த கை பிரேக். கண்ணில் பெட்ரோல் துளி, கண்ணீரின் இடத்தில். ரெக்ஸின் இருக்கையின் வெதுவெதுப்பு. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே ‘ஆகையால்’ இல்லை, ‘அதன்பிறகு’ இல்லை. நெருக்கக் காட்சிகள் மட்டும். யார் ஓட்டினார்கள், எதில் மோதினார்கள், ஏன் என்று எதுவும் சொல்லப்படுவதில்லை. மில்லரின் குரலில் கிளர்ச்சி இல்லை, பயமும் இல்லை. அறிக்கை ஒன்றைப் படித்துக் காட்டுகிறவர் போலச் சொல்லிக்கொண்டு போகிறார்.

பாலார்ட் நாவலை எழுதுவதற்கு முன், 1970இல், லண்டனின் நியூ ஆர்ட்ஸ் லேப் கலைக்கூடத்தில் ஒரு கண்காட்சி நடத்தினார். நொறுங்கிய கார்கள் மூன்று. ஒரு பாண்டியாக், ஒரு ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், ஒரு மினி. அவற்றைச் சிற்பங்களைப் போல வைத்தார். வந்தவர்கள் அந்த உடைந்த வண்டிகளை மேலும் அடித்து உடைத்தார்கள், வண்ணத்தை வாரி ஊற்றினார்கள். இந்தக் கண்காட்சியைப் பற்றி எப்போது நினைத்தாலும் எனக்கு ஒரே ஒரு விஷயம் முன்னால் வந்து நிற்கும்: அங்கே எந்தக் காரும் ஓடவில்லை. வேகம் முடிந்துவிட்டது. பார்ப்பது மட்டும்தான் மிச்சம். இதை அப்போது ஒரு தனிக் குறிப்பாக மனத்தில் வைத்திருந்தேன். பாட்டோடு அதை இணைத்துப் பார்க்கப் பிறகுதான் தோன்றியது.

நஸ்ஸாவில் ஒரு படம்

கிரேஸ் ஜோன்ஸின் பக்கம் வருகிறேன். ஜமைக்காவின் ஸ்பானிஷ் டவுனில் பிறந்து, பதின்ம வயதில் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகருக்குப் போய், மாடலாகி, 1977 முதல் 1979 வரை டாம் மௌல்டனின் தயாரிப்பில் மூன்று டிஸ்கோ ஆல்பங்கள் பாடியவர். 1979 கோடையில் சிகாகோ விளையாட்டரங்கில் கூட்டம் கூடி டிஸ்கோ தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்த பிறகு, அமெரிக்காவில் டிஸ்கோ பாடகி என்ற அடையாளமே ஒரு சுமையாகிவிட்டது. ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனத்தின் கிறிஸ் பிளாக்வெல் அவரை பஹாமாஸின் நஸ்ஸாவில் தாம் கட்டியிருந்த காம்பஸ் பாயின்ட் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். அங்கே அவர் திரட்டிய குழுவை எண்ணிப் பார்த்தாலே வியப்பாக இருக்கிறது. ஜமைக்காவின் மிகச் சிறந்த தாள இணையான ஸ்லை டன்பாரும் ராபி ஷேக்ஸ்பியரும், கிட்டாருக்கு மைக்கி சுங்கும் இங்கிலாந்துக்காரர் பாரி ரெனால்ட்ஸும், தாளக்கருவிகளுக்கு ஸ்டிக்கி தாம்சன், விசைப்பலகைக்குப் பாரிஸிலிருந்து வாலி படரு. ஒலிப்பதிவிலும் தயாரிப்பிலும் பிளாக்வெல்லுக்குத் துணை அலெக்ஸ் சாட்கின். ஒருவருக்கொருவர் பழக்கமில்லாத பலரும் அதில் இருந்தார்கள். ஜோன்ஸின் படமொன்றைப் பெரிதாக்கி ஸ்டுடியோச் சுவரில் மாட்டி, இந்த முகம் எப்படித் தெரிகிறதோ அப்படி ஒலிக்கும் இசை வேண்டும் என்று பிளாக்வெல் அவர்களிடம் சொன்னார்.

அந்த ஆல்பத்தில் பெரும்பாலானவை கவர்கள்தாம். பிரிடெண்டர்ஸ், ராக்ஸி மியூசிக், டாம் பெட்டி, ஸ்மோக்கி ராபின்சன் என்று பல இடங்களிலிருந்து எடுத்தவை. ஆனால் தொடக்கத்தில் வைத்ததும் உறையில் பெயராகப் பொறித்ததும் லண்டனில் ஒருவர் தனியாகச் செய்த தட்டின் மறுபக்கத்துப் பாட்டை. அதுவரை டிஸ்கோ பாடியவர், இனி நான் வேறு ஆள் என்று சொல்ல இதைவிடக் கூர்மையான பாட்டு கிடைத்திருக்காது.

வரிகள் ஏறக்குறைய அவையே. ஆனால் கேட்ட மாத்திரத்தில் ஏதோ அடிப்படையாக மாறியிருப்பது தெரிகிறது. ‘சூடு’ என்று எல்லோரும் பெயரிடுவது அந்த மாற்றத்தைத்தான் என்று நினைக்கிறேன். பெயர் சரியில்லை என்பது எனக்குத் தெரிந்தது. சரியான பெயர் என்ன என்பது ஓர் இரவுப் பயணத்தில் கிடைத்தது.

வலது கால்

நெடுஞ்சாலையில் நீண்ட பயணம். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் நான். ஓட்டியவர் தம் விருப்பப் பட்டியலை ஓடவிட்டிருந்தார். ஜோன்ஸின் ‘வார்ம் லெதரெட்’ வந்தது. ஷேக்ஸ்பியரின் பேஸ் கிட்டார் நுழைந்து, டன்பாரின் முரசு அதைப் பிடித்துக்கொண்டு ஓட, கிட்டார்கள் இருபுறமும் வெட்டிக்கொண்டு போயின. பாட்டு பாதி தாண்டியபோதுதான் கவனித்தேன்: என் வலது கால் கீழே தரையை அழுத்திக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் பிரேக் இல்லை. வண்டியின் வேகமும் கூடவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்த என் கால் தவித்துக்கொண்டிருந்தது. அதற்கடுத்து, யார் அடுக்கிய வரிசையோ, மில்லரின் மூலம் வந்தது. அந்தத் துடிப்பு, அந்த இரைச்சலடி. கால் தளர்ந்துவிட்டது. தானாகவே. இனி அழுத்துவதற்கு எதுவும் இல்லை என்று உடலுக்குத் தெரிந்துவிட்டது.

மில்லரின் பாட்டில் கார் ஏற்கெனவே நின்றுவிட்டது. ஜோன்ஸின் பாட்டில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் வேறுபாடு சூட்டில் இல்லை, காலத்தில் இருக்கிறது. ஒன்று மோதலுக்குப் பின்னால் நிற்கிறது, மற்றது மோதலுக்கு முன்னால்.

இப்படி வைத்துப் பார்த்தால் இரண்டு பதிவுகளிலும் பல விஷயங்கள் தத்தம் இடத்தில் வந்து அமர்கின்றன. மூலத்தில் பேஸ், அதாவது அடித்தளச் சுர வரி, சுரம் மாற்றி நடக்காதது திறமைக் குறைவால் வந்தது என்று என் நண்பர் சொல்வார். திறமையோ கருவியோ எதனால் வந்திருந்தாலும், பாட்டு அதைத் தன் பொருளாக ஆக்கிக்கொண்டது. பேஸ் நடந்தால் வண்டி நகரும். ஒரே இடத்தில் துடிக்கும் அந்த ரீங்காரம், மோதிய பிறகும் அணைக்கப்படாத எஞ்சினின் சத்தம். எங்கும் கொண்டுபோகாது, நிற்கவும் நிற்காது. ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே தரும் கருவி அதற்கு எவ்வளவு பொருத்தம்! நொறுங்கிய முன்கண்ணாடிக்குள்ளே இருக்கிற ஒருவருக்குக் காலம் வரிசையாக நகராது. கண் ஒவ்வொன்றின் மேலும் போய்ப் போய் விழும். கண்ணாடி. கை பிரேக். பெட்ரோல். மில்லரின் உணர்ச்சியற்ற குரலைக் கொடூரம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அதிர்ச்சியில் உறைந்தவரின் குரலாகக் கேட்கிறது. பக்கத்தில் இருப்பவரின் கண்ணை அவ்வளவு அருகில் பார்த்து, அதில் இருக்கும் துளி என்ன என்று சொல்ல முடிகிறது என்றால், அங்கே ஒரு நெருக்கம் இருக்கிறது. என்னை இளக வைத்தது அதுதான்.

ஜோன்ஸின் பதிவில் அதே சொற்கள் நடந்துமுடிந்தவற்றின் விவரணையாக இல்லாமல், நடக்கப்போவதைப் பற்றிய அறிவிப்பாக மாறுகின்றன. அவர் பாடுவதைவிட அதிகமாகக் கட்டளையிடுகிறார். ‘உன் தொடை’, ‘உன் கண்’ என்று வரும்போது அந்த ‘நீ’ யார் என்பதில் மில்லரிடம் எனக்குச் சந்தேகம் இருந்தது. அது காதலியாக இருக்கலாம், பொம்மையாக இருக்கலாம், அவரேயாகவும் இருக்கலாம். ஜோன்ஸிடம் சந்தேகமே இல்லை. அந்த ‘நீ’ நான்தான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவன். அவர் ஓட்டுகிறார், குழு அவருக்கு எஞ்சினாக இருக்கிறது, என்ன நடக்கப்போகிறது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். குழுவினர் பதறுவதே இல்லை. டன்பாரும் ஷேக்ஸ்பியரும் ரெகே பாடகர் பீட்டர் டாஷோடு உலகம் சுற்றியவர்கள்; எந்த வேகத்திலும் நிதானம் தவறாதவர்கள். அந்த நிதானம்தான் என்னை நடுங்கவைக்கிறது. ஓட்டுபவர் பதறினால் வண்டி நிற்கக்கூடும் என்ற நம்பிக்கை இருக்கும். இங்கே அந்த நம்பிக்கையும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ‘உடல் கொடுத்தார்’ என்ற பாராட்டில் இது அடிபட்டுப்போகிறது. ஜோன்ஸ் பல ஆண்டுகள் மாடலாக இருந்தவர். பார்க்கப்படுவதும், நிறுத்திவைக்கப்படுவதும், ஒளி பாய்ச்சி அளக்கப்படுவதும் அந்தத் தொழிலின் இயல்பு. கறுப்பினப் பெண்ணுக்கு அது இரட்டைச் சுமை. அவருடைய படங்களை உருவாக்கிய ஜான்-பால் கூட் என்ற கலைஞரின் கண்ணோட்டத்தைப் பற்றி இன்றும் காரசாரமான விவாதங்கள் நடக்கின்றன, அவற்றில் நியாயமும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவர், காயப்பட்ட உடலை உறுப்பு உறுப்பாகப் பார்க்கும் ஓர் ஆணின் பாட்டை எடுத்து, பார்க்கும் இடத்தில் தாம் போய் அமர்ந்துகொள்கிறார். மூலத்துக்கு வண்ணம் தீட்டும் வேலையாக இதை யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. இருக்கையையே மாற்றிய வேலை இது.

குறை இல்லையா என்றால், எனக்கு உண்டு. ஜோன்ஸின் பதிவில் கிட்டார்கள் சில இடங்களில் தேவைக்கு மேல் பேசுகின்றன. பேஸும் முரசும் குரலும் மட்டும் இருந்திருந்தால் இன்னும் இறுகியிருக்கும் என்று தோன்றும். மில்லரின் பதிவில் குறை தேடினால் என் கைக்கு எதுவும் அகப்படவில்லை. அதில் எதைக் கூட்டினாலும் கார் நகர்ந்துவிடும்.

பிறகு வந்தவர்களும் இதைப் பாடியிருக்கிறார்கள். 2006இல் ராக் பாடகர்களான டிரெண்ட் ரெஸ்னரும் பீட்டர் மர்ஃபியும் சேர்ந்து வாசித்த பதிவு ஒன்று இருக்கிறது. மர்ஃபியின் குரல் எனக்குப் பிரியமானது. ஆனால் அதைக் கேட்கும்போது கார் எங்கே இருக்கிறது என்பது தெரிவதில்லை. இருட்டு இருக்கிறது, கனம் இருக்கிறது, வண்டி இல்லை. இந்தப் பாட்டைப் பாட நினைப்பவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது ராகமோ தாளமோ அல்ல, மோதலுக்கு எந்தப் பக்கத்தில் நிற்கப்போகிறோம் என்பதைத்தான். மில்லரும் ஜோன்ஸும் ஆளுக்கொரு பக்கத்தை முழுமையாக எடுத்துக்கொண்டுவிட்டதால், மூன்றாமவருக்கு நடுவில் இடம் மிகக் குறைவு.

தி நார்மல் இரண்டாவது சிங்கிள் எதையும் வெளியிடவில்லை. மின்னணு இசைக்கலைஞர் ராபர்ட் ரெண்டலோடு மில்லர் மேடையேறிய 1979ஆம் ஆண்டு நிகழ்ச்சியின் பதிவு மட்டும் ஒற்றைப் பக்கத் தட்டாக வந்தது. அதற்குப் பிறகு அவர் மற்றவர்களின் இசையை வெளியிடுவதில் இறங்கிவிட்டார். ஜோன்ஸ் அதே குழுவோடு 1981இலும் 1982இலும் மேலும் இரண்டு ஆல்பங்கள் செய்தார். அவற்றில் அந்தக் குழு இன்னும் மெருகேறியிருக்கிறது. ஆனால் இந்தப் பாட்டில் இருக்கும் அபாயத்தை அவற்றில் நான் கேட்கவில்லை.

இதுவரை கேட்காதவர்கள் யாராவது எதை முதலில் கேட்பது என்று கேட்டால், மூலத்தை முதலில் கேளுங்கள், கவரை அப்புறம் கேளுங்கள் என்பதுதான் வழக்கமான பதில். இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் நான் தலைகீழாகச் சொல்கிறேன். ஜோன்ஸை முதலில் போடுங்கள், முழுதாக, சத்தமாக. அது முடிந்ததும் இடைவெளி விடாமல் மில்லரைப் போடுங்கள். 1980 முதலில், 1978 பிறகு.